'பிரெசிடென்ட்' என்னும் சொல்: பொருளும் வழக்கும்

மொழிபெயர்ப்புப் பயிற்சியின்போது மாணவர்களிடம் கொடுத்துப் பார்க்கத்தக்க எளிய வாக்கியம் ஒன்று உண்டு. பள்ளிச் சதுரங்கக் கழகத்தின் 'பிரெசிடென்ட்', நாட்டின் 'பிரெசிடென்ட்'டைச் சந்தித்தார் என்பதே அது. ஆங்கிலத்தில் ஈரிடத்தும் ஒரே சொல். சிங்கப்பூரில் பயிலும் மாணவர் பெரும்பாலும் தயங்காமல், 'சதுரங்கக் கழகத் தலைவர் அதிபரைச் சந்தித்தார்' என்று எழுதிவிடுவார். விடை சரியானதே. ஆனால் ஒரே சொல்லை ஓரிடத்தில் 'தலைவர்' என்றும் மற்றோரிடத்தில் 'அதிபர்' என்றும் பெயர்த்தது ஏன் என்று கேட்டால், அப்படித்தான் சொல்வது வழக்கம் என்பதற்கு மேல் அவரால் ஒன்றும் கூற இயலுவதில்லை. நம்மிலும் பலர் அவ்வளவில் நின்றுவிடுகிறோம். வழக்கம் என்று விட்டுவிடக்கூடிய செய்திதான் எனினும், அவ்வழக்கத்தின் பின்னே சொல்லாராய்ச்சியும் வரலாறும் அரசியலமைப்பும் நிற்கின்றன. அவற்றை அறியாத மாணவர், வாக்கியம் சற்று மாறியவுடன் இடறி விழுகிறார்.

இலத்தீன் மொழியில் 'முன்' எனப் பொருள்படும் ஒரு முன்னொட்டும் 'அமர்தல்' எனப் பொருள்படும் ஒரு வினையும் சேர்ந்து உருவானது இச்சொல். முன்னே அமர்ந்திருப்பவர் என்பதே இதன் வேர்ப்பொருள். கூட்டம் கூடுகிறது, எல்லாரும் ஒருபுறம் அமர்கின்றனர், ஒருவர் மட்டும் அவர்களை நோக்கி முன்னிடத்தில் அமர்ந்து, யார் பேசலாம், எப்போது நிறுத்தலாம் என முறைப்படுத்துகிறார். அவரே 'பிரெசிடென்ட்'. அவர் ஆள்பவர் அல்லர், ஆணையிடுபவரும் அல்லர், அவையை ஒழுங்குபடுத்துபவர். 'சேர்மன்' என்னும் சொல்லும் இருக்கையை வைத்தே பிறந்தது என்பதை இங்கு நினைவுகூரலாம். 'லீடர்' என்னும் சொல்லோ நடையிலிருந்து பிறந்தது. வழிகாட்டி அழைத்துச் செல்பவர் என்பது அதன் அடிப்பொருள். 'ஹெட்', 'சீஃப்', 'கேப்டன்' ஆகிய மூன்றும் தலை என்னும் உறுப்பின் பெயரிலிருந்து வந்தவை. ஆகத் தலைமையைக் குறிக்க ஆங்கிலம் அமர்தல், நடத்தல், உடலுறுப்பு என மூவகைக் கருத்துகளைக் கையாள்கிறது. தமிழின் 'தலைவர்' இவற்றுள் மூன்றாம் வகையைச் சார்ந்தது.

முன்னே அமர்தல் என்னும் கருத்து தமிழருக்குப் புதியதன்று. நம் விழா அழைப்பிதழ்களை எடுத்துப் பார்த்தால் 'தலைமை' என ஒரு பெயரும் 'முன்னிலை' என மற்றொரு பெயரும் அச்சிடப்பட்டிருக்கும். முன்னிலை வகித்தல் என்பது இலத்தீன் வினையோடு ஏறத்தாழச் சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. ஆயினும் நம் மேடைகளில் முன்னிலை வகிப்பவர் மதிப்புக்குரிய விருந்தினராக அமர்ந்திருக்க, நிகழ்ச்சியை நடத்துபவர் தலைமை தாங்குபவரே. வேர்ப்பொருள் ஒத்திருப்பதைக் கொண்டு 'பிரெசிடென்ட்' என்பதற்கு 'முன்னிலையர்' என யாரேனும் சொல் ஆக்கினால் அது நிலைக்காது. இலக்கண வகுப்பில் முன்னிலை என்பதற்கு வேறு பொருள் இருப்பது அதனினும் பெரிய இடர்.

இங்கிலாந்தில் இச்சொல் நெடுங்காலம் அடக்கமான பதவிகளையே குறித்து வந்தது. ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் கல்லூரிகள் சிலவற்றின் தலைவர், மன்றங்களின் தலைவர், அரசவைக் குழுக்களின் தலைவர் ஆகியோர் இப்பெயர் பெற்றனர். கிழக்கிந்தியக் கம்பெனியார் தங்கள் வணிக நிலையங்களை நிருவகிக்க அமைத்த குழுவின் தலைவரையும் இவ்வாறே அழைத்தனர். இங்கேதான் இச்சொல்லுக்கும் தமிழ் மண்ணுக்கும் நேரடித் தொடர்பு ஏற்படுகிறது. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் குழுவுக்குத் தலைமை ஏற்றிருந்த வணிகர் 'பிரெசிடென்ட்'. அவருடைய ஆட்சிக்கு உட்பட்ட நிலப்பகுதி 'பிரெசிடென்சி'. மேசையின் முன்னே அமர்ந்தவரின் பதவிப்பெயர், வணிகம் ஆட்சியாக மாறியபோது, ஒரு பெரும் நிலப்பரப்பின் பெயராயிற்று. தமிழர் அதனைச் 'சென்னை இராஜதானி' என்றும் பின்னர்ச் 'சென்னை மாகாணம்' என்றும் வழங்கினர். சென்னையில் 1840இல் தொடங்கப்பெற்ற 'பிரெசிடென்சி' கல்லூரி தமிழில் 'மாநிலக் கல்லூரி' எனப்படுவதும் இதனால்தான். அப்பெயரைக் கண்டு 'தலைவர் கல்லூரி' என்று மொழிபெயர்க்காமல், அச்சொல் அக்காலத்தில் எதைக் குறித்ததோ அதைப் பெயர்த்தவர்களின் தெளிவு பாராட்டத்தக்கது.

அக்கோட்டையில் 1687 முதல் 1692 வரை 'பிரெசிடென்ட்'டாக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இவர் பெயரைத் தாங்கியது. அப்பல்கலைக்கழகத்தின் தலைவரும் இன்று 'பிரெசிடென்ட்' என்றே அழைக்கப்படுகிறார்.

மலாயா நாடும் இச்சொல்லின் எல்லைக்குள் வந்த காலம் ஒன்று உண்டு. 1805இல் பினாங்கு, இந்தியாவின் நான்காம் 'பிரெசிடென்சி'யாக உயர்த்தப்பட்டது. 1826இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் நீரிணைக் குடியேற்றங்கள் என ஒன்றிணைக்கப்பட்டு அந்நிலையிலேயே வைக்கப்பட்டன. செலவுக்கேற்ற வருவாய் இல்லாமையால் 1830இல் அத்தகுதி பறிக்கப்பட்டு, அவை வங்காளத்தின் கீழ் வைக்கப்பட்டன. சிங்கப்பூர் தனக்கென ஒரு 'பிரெசிடென்ட்'டைப் பெறுவதற்கு ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேல் முன்னரே ஒரு 'பிரெசிடென்சி'யின் பகுதியாக நான்காண்டுகள் இருந்தது என்பது மாணவர்கள் பலர் அறியாத செய்தி.

இச்சொல்லின் பொருளைத் தலைகீழாக மாற்றியது அமெரிக்காவே. 1774இல் கூடிய குடியேற்ற நாடுகளின் பேராயத்திற்கு ஒரு 'பிரெசிடென்ட்' இருந்தார். அவர் பணி கூட்டத்தை நடத்துவது மட்டுமே. 1787இல் அரசியலமைப்பை வகுக்கக் கூடிய மாநாட்டிற்கும் ஜார்ஜ் வாஷிங்டன் அப்பெயருடனே தலைமை தாங்கினார். அம்மாநாடு புதிய ஆட்சித் தலைவருக்கு அதே எளிய பெயரைச் சூட்டியது. மன்னராட்சியை எதிர்த்துப் போரிட்டவர்கள் மன்னரை நினைவூட்டும் பெயரை விரும்பாதது இயல்பே. எனினும் 1789ஆம் ஆண்டு மே மாதத்தில் அவரை எவ்வாறு விளித்தல் வேண்டும் என்னும் பூசல் எழுந்தது. வெறும் 'பிரெசிடென்ட்' என்பது மன்றங்களின் தலைவருக்குரிய பெயர். ஒரு நாட்டின் தலைவருக்கு அது போதாது என ஜான் ஆடம்ஸ் உள்ளிட்டோர் கருதினர். மாட்சிமை, உரிமைகளின் காவலர் முதலிய அடைகளைச் சேர்த்து நீண்டதொரு பட்டத்தை மேலவைக் குழுவொன்று முன்மொழிந்தது. கீழவை அதனை ஏற்கவில்லை. இறுதியில் எளிய பெயரே வென்றது.

அன்று ஆடம்ஸ் கொண்ட ஐயம் பிழையன்று. அச்சொல்லுக்கு அந்நாளில் உண்மையிலேயே பெருமிதம் இல்லை. பதவி வளர வளரச் சொல்லும் வளர்ந்தது. பிற்காலத்தில் மன்னரை நீக்கிய நாடுகளும் புதிதாக விடுதலை பெற்ற நாடுகளும் தத்தம் தலைவருக்கு இப்பெயரை வரித்துக்கொண்டபோது, ஒரே பெயர் பல்வேறு அதிகாரங்களைக் குறிக்கலாயிற்று. அமெரிக்காவில் ஆட்சியை நடத்துபவரே இவர். செருமனியிலும் இந்தியாவிலும் ஆட்சியை நடத்துபவர் வேறு. இவர் நாட்டின் அடையாளமாக விளங்குபவர். சுவிட்சர்லாந்தில் எழுவர் கொண்ட கூட்டாட்சிக் குழுவின் உறுப்பினருள் ஒருவர் ஓராண்டுக்கு மட்டும் இப்பெயரை ஏற்பார்; எழுவருள் அவருக்குத் தனி அதிகாரம் ஏதுமில்லை. முன்னே அமர்பவர் என்னும் பழம்பொருளை இன்றும் காத்துவரும் நாடு அதுவே எனலாம்.

சிங்கப்பூரின் நிலை இவ்விரு துருவங்களுக்கும் இடைப்பட்டது. 1959இல் தன்னாட்சி பெற்ற பின்னர் நாட்டுத் தலைவர் 'யாங் டி பெர்துவான் நெகாரா' எனப்பட்டார். யூசோப் இஷாக் அப்பதவியை ஏற்றார். 1965இல் நாடு குடியரசானபோது அவரே முதல் 'பிரெசிடென்ட்' ஆனார். தொடக்கத்தில் நாடாளுமன்றமே தலைவரைத் தேர்ந்தெடுத்தது. 1991இல் அரசியலமைப்புத் திருத்தப்பட்டு, 1993இல் மக்கள் முதன்முறையாக வாக்களித்தனர். அன்றுமுதல் கடந்தகால நிதியிருப்பைக் காக்கும் உரிமையும் முக்கியப் பொதுப்பணி நியமனங்களை மறுக்கும் உரிமையும் அப்பதவிக்கு உண்டு. ஆனால் அன்றாட ஆட்சி பிரதமரிடமே உள்ளது. பெயர் மாறாமலே ஒரு பதவியின் உள்ளீடு மாறியதற்கு இது நம் கண்முன் உள்ள சான்று.

இனித் தமிழுக்கு வருவோம். தமிழ் வழங்கும் நாடுகளில் இப்பதவிக்கு ஒரே பெயர் இல்லை. இந்தியாவில் 'குடியரசுத் தலைவர்', இலங்கையில் 'ஜனாதிபதி', சிங்கப்பூரில் 'அதிபர்'. மலேசியாவில் நாட்டுத் தலைவர் மாமன்னர் ஆதலின், இச்சொல் பிற நாட்டுச் செய்திகளிலும் கட்சி, சங்கம், மேலவை ஆகியவற்றின் தலைவர்களைக் குறிக்குமிடத்திலும் மட்டுமே தேவைப்படுகிறது. 'ஜனாதிபதி' என்பதும் 'அதிபர்' என்பதும் ஒரே வடமொழி வேரினவை. மேல், உயர்வு என்னும் பொருள்தரும் 'அதி' என்பதோடு காத்தல், உடைமை ஆகிய கருத்துகள் சேர்ந்து ஆளும் தலைவனைக் குறிப்பன. சாவகத் தீவின் பழைய ஆட்சிப் பட்டமாகிய 'அடிபதி'யும் அவ்வேரிலிருந்து வந்ததே. ஆக ஆங்கிலச் சொல் முன்னே அமர்பவரைக் கூறத் தமிழில் நாம் வழங்கும் சொல் மேலே நின்று ஆள்பவரைக் கூறுகிறது. வேர்ப்பொருளை மட்டும் கருதின், மன்றத் தலைவரின் பெயரை எடுத்து மன்னரின் பெயரால் பெயர்த்திருக்கிறோம் என்றே சொல்லவேண்டும். அன்று ஆடம்ஸ் வேண்டியதை அமெரிக்கர் மறுத்தனர், நாம் கொடுத்துவிட்டோம்.

இதனைக் குறையாகக் கொண்டு, சிங்கப்பூரிலும் 'குடியரசுத் தலைவர்' என்றே வழங்கலாமே என்று கேட்போர் உளர். 'குடியரசுத் தலைவர்' பொருள் தெளிவுடைய நல்ல சொல் என்பதில் ஐயமில்லை. மன்னராட்சி அன்று, குடியாட்சி என்பதை அது சொல்லிலேயே காட்டுகிறது. எனினும் செய்தித்தாளிலும் ஒலிபரப்பிலும் பாடநூலிலும் வேரூன்றிவிட்ட 'அதிபர்' என்பதை நீக்க முனைவது தேவையற்றது என்பதே நம் கருத்து. ஆங்கிலச் சொல்லே தன் வேர்ப்பொருளை விட்டு நெடுந்தொலைவு வந்துவிட்டபோது, தமிழ்ச் சொல் மட்டும் தன் வேரிலேயே நிற்கவேண்டும் என்று வற்புறுத்துவது முறையாகாது. மேலும் 'அதிபர்' என்பதால் நமக்கு வாய்த்த நன்மை ஒன்றுண்டு. ஆங்கிலம் நாட்டின் தலைவரையும் கழகத்தின் தலைவரையும் பிரித்துக் காட்டப் பலவிடங்களில் பெரிய எழுத்தைத் துணைக்கொள்கிறது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடு இல்லை. அவ்வெழுத்து செய்யும் வேலையை நாம் இரு சொற்களால் செய்கிறோம். தொடக்கத்தில் கண்ட வாக்கியத்தில் மாணவர் அறியாமலே கையாண்ட நெறி இதுவே.

நாடு மாறினால் 'அதிபர்' என்பதன் பொருளும் மாறும் என்பதையும் மாணவர் அறிதல் வேண்டும். தமிழ்நாட்டில் தொழிலதிபர், ஆலை அதிபர், பத்திரிகை அதிபர் என உடைமையாளரைக் குறித்தே இது மிகுதியாக வழங்குகிறது. அயல்நாட்டுத் தலைவர்களை மட்டும் தமிழ்நாட்டு இதழ்கள் அதிபர் என எழுதும். இலங்கையிலோ மாவட்ட நிருவாகத் தலைவர் 'அரசாங்க அதிபர்'. பள்ளியின் தலைமையாசிரியரும் 'அதிபர்'. இதுபோன்றே 'முதல்வர்' என்றால் சிங்கப்பூர் மாணவருக்குப் பள்ளித் தலைவர் நினைவுக்கு வருவார். சென்னை மாணவருக்கு மாநில ஆட்சித் தலைவர் நினைவுக்கு வருவார். இணையத்தில் கிடைக்கும் தமிழ்க் கட்டுரைகளைப் பார்த்துத் தாள் எழுதும் மாணவர், அக்கட்டுரை எந்நாட்டில் எழுதப்பட்டது என்பதை முதலில் பார்க்கவேண்டும் என நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

மலாய் மொழியிலிருந்து பெயர்ப்போர் எதிர்கொள்ளும் நிலை இன்னும் சுவையானது. 'துவான்' என்றால் தலைவர், ஐயா. தலைவராக ஆக்கப்பட்டவர் என்பதே 'யாங் டி பெர்துவான்' என்பதன் பொருள். 'துவா' என்றால் முதுமை. மூத்தவராக ஆக்கப்பட்டவர் 'யாங் டி பெர்துவா'. 'கெத்துவா' என்னும் சொல்லும் முதுமையிலிருந்தே பிறந்தது. நம் ஊர்களில் மூப்பன் எனத் தலைவரை அழைத்த வழக்கோடு இது ஒத்துப்போகிறது. 'கெப்பாலா' என்னும் மலாய்ச் சொல்லோ நாம் அறிந்த கபாலமே. இவற்றுள் 'யாங் டி பெர்துவா' என்பது பினாங்கு, மலாக்கா மாநிலத் தலைவர்களையும் மக்களவையை நடத்துபவரையும் மேலவையை நடத்துபவரையும் நகராண்மைக் கழகத் தலைவரையும் ஒருங்கே குறிக்கும். தமிழிலோ முறையே ஆளுநர், சபாநாயகர், மேலவைத் தலைவர், நகராண்மைக் கழகத் தலைவர் என வெவ்வேறாக வழங்குகிறோம். ஆங்கிலத்தில் இவர்களுள் மேலவைத் தலைவரும் நகராண்மைக் கழகத் தலைவரும் மட்டுமே 'பிரெசிடென்ட்'. அகராதியில் ஒரு சொல்லுக்கு எதிரே ஒரு சொல்லை எழுதிவைத்துக்கொண்டு மொழிபெயர்ப்போர்க்கு இங்கே அகராதி உதவாது. பதவி யாது என்பதை அறிந்தே பெயர் சூட்டவேண்டும்.

அடையாகவும் கூட்டுச்சொல்லாகவும் வரும்போது நேரும் பிழைகளுள் சிலவற்றைச் சற்று விரிவாகக் காண்போம். ஒரு சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தலைவர் ஆற்றும் உரையை ஆங்கிலத்தில் 'பிரெசிடென்ஷியல் அட்ரஸ்' என்பர். இதனை 'அதிபர் உரை' என எழுதிய விடைத்தாள்களைக் கண்டிருக்கிறோம். அது 'தலைமையுரை'. அதே தொடர் நாடாளுமன்றத் தொடக்கத்தைக் குறித்து வருமாயின் 'அதிபர் உரை' என்பதே பொருந்தும். 'வைஸ் பிரெசிடென்ட்' என்பதில் உள்ள முன்னொட்டு 'இடத்தில்', 'பதிலாக' எனப் பொருள்படுவது. தலைவர் இல்லாதபோது அவரிடத்தில் நிற்பவர் என்பது கருத்து. தமிழின் 'துணை' உடனிருந்து உதவுவதைச் சொல்கிறது. பொருள் சற்றே விலகினும் வழக்கு உறுதிப்பட்டுவிட்டது. இந்திய வழக்கில் 'குடியரசுத் துணைத் தலைவர்' எனத் துணை என்பதை நடுவில் வைப்பதைக் கவனிக்க. முன்னே வைத்துத் 'துணைக் குடியரசுத் தலைவர்' என்றால், துணைக் குடியரசு ஒன்றிருந்து அதற்குத் தலைவர் போலாகிவிடும். சில அமெரிக்க வங்கிகளில் 'வைஸ் பிரெசிடென்ட்' என்னும் பதவிப்பெயரை ஒரே வேளையில் பலர் தாங்கியிருப்பர்; அங்கே அது நடுநிலை அலுவலர் ஒருவரின் தரத்தையே குறிக்கும் என்பதையும் செய்தி பெயர்ப்போர் மறத்தலாகாது.

இவற்றினும் சிக்கலானது சிங்கப்பூருக்கே உரியது. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பதவி முறையை ஆங்கிலத்தில் 'எலெக்டெட் பிரெசிடென்ட்' என்பர். தேர்தலில் வென்று, பதவி ஏற்காமல் இருக்கும் இடைக்காலத்தில் ஒருவரைப் 'பிரெசிடென்ட் எலெக்ட்' என்பர். சொற்களின் வரிசை மாறியதும் பொருள் மாறுகிறது. தமிழில் இரண்டையும் 'தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபர்' என எழுதிவிடின், பல்லாண்டு பதவியில் இருப்பவரும் நேற்று வென்றவரும் ஒருவராகிவிடுவர். முன்னதை 'மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் அதிபர்' முறை என எதிர்காலமும் வழக்கமும் தோன்றுமாறு எழுதலாம். பின்னவரைப் 'பதவியேற்கவுள்ள அதிபர்' எனலாம். பெயரெச்சத்தின் காலம் இத்துணை வேலை செய்யும் என்பதை வகுப்பில் விளக்க இதனினும் நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

பால் வேறுபாட்டில் தமிழ் எளிதாகத் தப்பித்தது. 2007இல் பிரதிபா பாட்டீல் இந்தியக் குடியரசுத் தலைவரானபோது, இந்திச் சொல்லின் இறுதியிலுள்ள 'பதி' கணவனையும் குறிக்குமாதலின், பெண்ணொருவரை அவ்வாறு அழைக்கலாமா என்னும் விவாதம் எழுந்தது. ஆங்கிலத்திலோ 'சேர்மன்' என்பதன் ஈற்றிலுள்ள ஆண்பாற் சொல்லை நீக்குவதற்குப் புதிய சொற்கள் ஆக்கப்பட்டன. தமிழில் தலைவன், தலைவி என ஆண்பால் பெண்பால் இருப்பினும், பதவியைக் குறிக்க 'அர்' ஈற்றுப் பலர்பாலையே மதிப்பின் பொருட்டு ஒருமைக்கும் கொள்கிறோம். 2017இல் ஹலிமா யாக்கோப் பதவியேற்றபோது 'அதிபர்' என்னும் சொல்லில் ஓர் எழுத்தும் மாறவேண்டியிருக்கவில்லை. ஆயினும் மாணவர் சிலர் பெண் ஒருவரைக் கண்டவுடன் 'கழகத் தலைவி' என எழுதுகின்றனர். பிழையென்று அதனைத் தள்ள இயலாது. அகத்திணை இலக்கியத்தில் தலைவிக்குரிய இடம் யாவரும் அறிந்ததே. பதவிப்பெயராக வரும்போது 'தலைவர்' என்பதே இருபாலார்க்கும் ஏற்றது என்று சொல்லிக்கொடுத்தால் போதும்.

தொடக்கத்தில் கண்ட வாக்கியத்திற்கு மீள்வோம். 'சதுரங்கக் கழகத் தலைவர் அதிபரைச் சந்தித்தார்' என்று சிங்கப்பூர் மாணவர் எழுதிய விடையை யாழ்ப்பாணத்து மாணவர் ஒருவரிடம் காட்டினால், கழகத்து மாணவர் தம் பள்ளித் தலைமையாசிரியரைப் பார்க்கப் போனார் என்றே அவர் கொள்வார். அதில் என்ன செய்தி இருக்கிறது என்றும் கேட்பார்.